சம்பளம் ஏறாததுக்குக் காரணம் நீங்களா, உங்க கம்பெனியா? ஜவ்வாது மலை சாமை சொல்ற கணக்கு

நம்ம வீடியோக்களுக்கு வர்ற கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே ரகம்தான். "சார், எந்த ஃபண்ட்ல எஸ்.ஐ.பி. போடலாம்?" "இதுல 10 சதவீதம் வருது, அதுல 12 சதவீதம் வருதாமே, மாத்திடலாமா?" நல்ல கேள்விதான். ஆனா இதே அளவு யோசனையை உங்க சம்பளம் எங்கிருந்து வருதுங்கறதுல செலவு பண்றீங்களா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மாசம் ₹5,000 எஸ்.ஐ.பி., 10 வருஷம். 10 சதவீதம் கிடைச்சா கைக்கு வர்றது சுமார் ₹10.3 லட்சம். 12 சதவீதம் கிடைச்சா சுமார் ₹11.6 லட்சம். வித்தியாசம் ₹1.3 லட்சம்.

இப்போ சம்பளத்துக்கு வருவோம். ஒரே காலேஜ், ஒரே பேட்ச், ரெண்டு பேர். ரெண்டு பேரும் வருஷம் ₹6 லட்சத்துல ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தர் கம்பெனில வருஷா வருஷம் 8 சதவீத உயர்வு, இன்னொருத்தர் கம்பெனில 12 சதவீதம். 10 வருஷத்துல முதல் ஆள் வாங்குன மொத்தச் சம்பளம், வரிக்கு முன்னாடி, சுமார் ₹86.9 லட்சம். ரெண்டாவது ஆள் வாங்குனது சுமார் ₹105.3 லட்சம். வித்தியாசம் ₹18 லட்சத்துக்கு மேல.

ஃபண்டை மாத்துறதுல கிடைக்கிறது ₹1.3 லட்சம், கம்பெனியைச் சரியா தேர்ந்தெடுக்கிறதுல கிடைக்கிறது ₹18 லட்சம். நாம எதைப் பத்தி வாட்ஸ்அப் குரூப்ல விடிய விடிய பேசிட்டு இருக்கோம்?

"அந்த ரெண்டாவது ஆள் திறமைசாலியா இருப்பாரு, அதான் அதிகமா ஏறியிருக்கும்"னு உடனே ஒரு பதில் வரும். திறமைக்குப் பங்கு இருக்கு, மறுக்கல. ஆனா நாம நினைக்கிற அளவுக்கு இல்லைங்கறதுதான் என் கருத்து. உங்க சம்பளத்துல பெரிய பங்கு நீங்க எந்த நிறுவனத்துல, எந்த மேனேஜர்கிட்ட, என்ன விதிமுறைக்குக் கீழ வேலை பாக்குறீங்கங்கறதுல இருக்கு.

ஆபீஸ்ல இதைப் பிரிச்சுப் பாக்குறது கஷ்டம். உங்க உழைப்பு எங்க முடியுது, கம்பெனியோட ஏற்பாடு எங்க தொடங்குதுன்னு கோடு போட முடியாது. அதனால கோடு பளிச்சுன்னு தெரியுற ஒரு இடத்துக்குப் போவோம்.

ஒரே வயல், ஒரே உழைப்பு, வேற வேற வருமானம்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்கள்ல பரவிக் கிடக்கு. காவலூர் வானாய்வகம் இருக்கிற மலைன்னு சொன்னா சிலருக்கு ஞாபகம் வரும். ஜமுனாமரத்தூர்தான் அங்க முக்கியமான ஊர். பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழுற பகுதி. மழையை நம்பி சாமை விதைப்பாங்க. புளி, தேன், கடுக்காய் எல்லாம் மலையிலிருந்து கீழ இறங்குற மத்த சரக்குகள்.

சாமையை எடுத்துக்கோங்க. அறுத்து அடிச்சதும் கிடைக்கிறது அரிசி இல்ல, உமியோட இருக்கிற தானியம். அதை அப்படியே மூட்டை கட்டி வியாபாரிக்குக் கொடுத்தா ஒரு விலை. உமி நீக்கி, கல் பொறுக்கி, தரம் பிரிச்சு, பாக்கெட் போட்டா அது சாமை அரிசி. சென்னையில நீங்க சிறுதானியக் கடையில வாங்குறது இதைத்தான். ரெண்டு விலைக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருக்கு. உமி போனா எடை குறையும், மெஷின் செலவு, போக்குவரத்து எல்லாம் உண்டு, அதனால முழு வித்தியாசமும் லாபம் இல்ல. ஆனாலும் கணிசமான பணம் அந்த இடைவெளிலதான் இருக்கு.

அந்த இடைவெளியைத் தாண்ட விவசாயியோட கூடுதல் உழைப்பு மட்டும் போதாது. உரல்ல குத்தி உமி எடுக்கிறது வீட்டுப் பொம்பளைங்களோட முதுகொடியுற வேலை. நாள் பூரா குத்தினாலும் வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் வரும், மார்க்கெட்டுக்கு வராது. உமி நீக்குற மெஷின் வேணும். மெஷினுக்கு வேலை கொடுக்கிற அளவுக்குப் பல பேரோட விளைச்சல் ஒரே இடத்துல சேரணும். அறுவடை முடிஞ்ச கையோட விவசாயிக்கு ரொக்கம் கொடுக்க நடைமுறை மூலதனம் வேணும். இல்லேன்னா முன்பணம் கொடுத்த வியாபாரிகிட்டயே மூட்டை போயிடும். வாங்குறவங்களோட பேசி விலை முடிக்க ஆள் வேணும். இது எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைக்க கணக்குப் புத்தகம் வேணும்.

இத்தனையும் சேர்ந்ததுக்குப் பேருதான் நிறுவனம்.

ஜவ்வாது மலையில இன்னைக்கு பழங்குடி விவசாயிகளே பங்குதாரர்களா இருக்கிற ஒரு உற்பத்தியாளர் நிறுவனம் இயங்குது. மலையில விளையுறதை வாங்கி, மதிப்புக் கூட்டி விக்குறதுதான் அதோட வேலை. அதே மண், அதே மழை, அதே கை. மாறுறது நடுவுல இருக்கிற ஏற்பாடு மட்டும்தான். உற்பத்தித்திறன்னா வேகமா, வியர்வை சிந்தி வேலை செய்யறதுன்னு நாம நினைச்சுக்கிறோம். கணக்குல அதுக்கு அர்த்தம் வேற. ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு மதிப்பு உருவாகுதுங்கறதுதான் உற்பத்தித்திறன். அந்த மதிப்பை உங்க கை மட்டும் உருவாக்குறதில்ல.

இந்த மாதிரி நிறுவனம் ஆரம்பிச்சா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. நாடு முழுக்க பேருக்கு இருக்கிற உற்பத்தியாளர் நிறுவனங்கள் நிறைய. அது ஏன்னு பாத்தா அடுத்த விஷயம் புரியும்.

சட்டமே கேக்குற மேனேஜர்

உற்பத்தியாளர் நிறுவனம்ங்கறது கம்பெனிகள் சட்டத்துக்குள்ளயே தனி அத்தியாயம். 10 விவசாயிகள் சேர்ந்தா ஆரம்பிக்கலாம். ஒருத்தர்கிட்ட எத்தனை பங்கு இருந்தாலும் ஒரு ஓட்டுதான். இதுல பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. ஒவ்வொரு உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும் முழுநேர தலைமை நிர்வாகி ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். அவர் உறுப்பினரா இருக்கக் கூடாது. அதாவது, முதலாளிகளான விவசாயிகள் தங்களுக்கு வெளியில இருந்து ஒரு மேனேஜரைச் சம்பளத்துக்கு வைக்கணும்னு சட்டமே சொல்லுது.

2020-ல மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை ₹6,865 கோடி ஒதுக்கி ஆரம்பிச்சது. அதுல ஒரு அமைப்புக்கு 3 வருஷத்துக்கு ₹18 லட்சம் வரைக்கும் நிர்வாகச் செலவுக்குன்னே தர்றாங்க. தலைமை நிர்வாகி, கணக்காளர் சம்பளம் எல்லாம் அதுல அடக்கம். நிலமோ விதையோ எவ்வளவு நல்லா இருந்தாலும், நடத்துறதுக்கு ஆள் இல்லேன்னா படுத்துடும்ங்கற அனுபவம்தான் இதுக்குப் பின்னாடி இருக்கு.

மேனேஜ்மென்ட் அவ்வளவு பெரிய வித்தியாசம் பண்ணுமா? இதை நம்ம நாட்டுலயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ப்ளூமும் அவரோட குழுவும் 2008 வாக்குல மும்பை பக்கத்துல தாராப்பூர், உமர்காவ் பகுதிகள்ல இருக்கிற துணி ஆலைகள்ல ஒரு பரிசோதனை நடத்தினாங்க. சில ஆலைகளுக்கு மாசக்கணக்குல இலவச நிர்வாக ஆலோசனை, மத்த ஆலைகளுக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஆலோசனைல ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது. துணியில வர்ற குறைகளை எழுதி வை. மெஷினுக்கு நேரத்துக்குப் பராமரிப்பு பண்ணு. நூல் ஸ்டாக்கைக் கணக்கு வை. யார் எதுக்குப் பொறுப்புன்னு முடிவு பண்ணு. முதல் வருஷத்துலயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. தொழிலாளிகளை மாத்தல. அவங்க திடீர்னு கடுமையா உழைக்க ஆரம்பிக்கவும் இல்ல.

அந்த ஆய்வுல இன்னொரு கண்டுபிடிப்பு நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்தும். ஒரு நிறுவனம் எவ்வளவு பெருசா வளர்ந்திருக்குங்கறதுக்கும், முதலாளி குடும்பத்துல எத்தனை ஆண்கள் இருக்காங்கங்கறதுக்கும் நெருக்கமான தொடர்பு இருந்தது. வெளியாளை நம்பி அதிகாரம் கொடுக்கத் தயக்கம். அண்ணன் தம்பி, மகன், மச்சான் எத்தனை பேரோ அத்தனை யூனிட். அப்படிப்பட்ட கம்பெனில நீங்க எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும், ஒரு கட்டத்துக்கு மேல நாற்காலியே கிடையாது. அது உங்க தப்பு இல்ல. ஆனா அதைத் தெரிஞ்சுக்காம 8 வருஷம் காத்திருந்தா, நஷ்டம் உங்களுக்குத்தான்.

எட்டு, ஒன்பது வருஷம் கழிச்சு அதே ஆலைகளுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தாங்க. புதுசா கொண்டுவந்த நடைமுறைகள்ல சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தது. முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, ஆலை மேனேஜர் மாறிப் போனது. உங்க நல்ல மேனேஜர் வேலையை விட்டுப் போறாருன்னா அது கேக் வெட்டி அனுப்புற விஷயம் மட்டும் இல்ல. உங்க அடுத்த ரெண்டு வருஷத்தை மறுபடி கணக்குப் போட வேண்டிய நேரம்.

உற்பத்தித்திறன் ஏறினா சம்பளம் தானா ஏறுமா?

"சரி, கம்பெனி நல்லா ஓடினா எனக்கும் நல்லது நடக்கும்"னு நினைச்சீங்கன்னா, இங்கதான் கவனிக்கணும்.

பெங்களூருல ஒரு பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனத்தோட பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை மாதிரியான பயிற்சி கொடுத்து, அத்வர்யு, கலா, நிஷாதம்னு மூணு பொருளாதார நிபுணர்கள் ஆய்வு பண்ணாங்க. 2018-ல வெளிவந்த அவங்க ஆய்வறிக்கைப்படி, பயிற்சி எடுத்தவங்களோட உற்பத்தித்திறன் மத்தவங்களை விட 20 சதவீதம் அதிகம். அவங்க கூலி எவ்வளவு அதிகமாச்சு தெரியுமா? வெறும் 0.5 சதவீதம். பயிற்சி முடிஞ்ச 8 மாசத்துல, பயிற்சிக்குப் போட்ட பணத்துல நிறுவனத்துக்குக் கிடைச்ச நிகர லாபம் 258 சதவீதம்.

நிறுவனத்தைத் திட்டுறதுக்காக இதைச் சொல்லல. பயிற்சிக்குக் காசு போட்டது அவங்க, லாபம் பார்த்ததும் அவங்க. விஷயம் என்னன்னா, வேலை செய்யுறவங்களோட மதிப்பு கூடினது வெளியில வேற யாருக்கும் தெரியல. பக்கத்து ஃபேக்டரி கூடுதல் சம்பளம் கொடுத்துக் கூப்பிடல. கூப்பிட ஆள் இல்லாதப்போ, கொடுக்க வேண்டிய அவசியமும் இல்ல.

உங்க ஆபீஸ்லயும் இதேதான். புதுசா ஒரு டூல் கத்துக்கிட்டு மாசத்துல 3 நாள் வேலையை 3 மணி நேரத்துல முடிக்கிறீங்க. சந்தோஷம். அதைச் சொல்லி விலை கேக்க ஒரு வழியோ, வெளியில காட்ட ஒரு வழியோ உங்களுக்கு இல்லேன்னா, மிச்சமான நேரத்துக்குப் புது வேலை வரும். சம்பளம் வராது.

மலைக்கும் ஆபீஸுக்கும் நடுவுல இருக்கிற முக்கியமான வேறுபாடும் இதுதான். உற்பத்தியாளர் நிறுவனத்துல விவசாயி சரக்கைக் கொடுக்கும்போது முழு விலையும் வராது. இயக்குநர் குழு முடிவு பண்ண தொகைதான் முதல்ல வரும். நிறுத்தி வெச்ச மீதியும், உபரி இருந்தா யார் எவ்வளவு சரக்கு கொடுத்தாங்களோ அந்த விகிதத்துல போனஸும் பின்னாடி வரும். கேட்டா நம்ம வேரியபிள் பே மாதிரியே இருக்குல்ல? ஆனா அந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு விவசாயி கைல இருக்கு. உங்க வேரியபிள் பே ஃபார்முலாவை முடிவு பண்றதுல உங்களுக்கு ஓட்டு இல்ல. அதனால குறைஞ்சபட்சம் அந்த ஃபார்முலா எழுத்துல இருக்கான்னாவது கேளுங்க.

ரிஸ்க் யார் தலையில?

தொழில்முனைவோர்னா ரிஸ்க் எடுக்கிறவர்னு பாடப்புத்தகம் சொல்லும். எல்லா இடத்துலயும் அப்படி இல்ல. ஜவ்வாது மலையில அதோட கொடூரமான வடிவத்தையும் பார்த்திருக்கோம்.

மலையில விவசாயம் கைகொடுக்காத மாசங்கள்ல ஆட்களைத் திரட்டி வெளியூர் வேலைக்கு அனுப்புற ஏஜென்ட்டுகள் உண்டு. அந்த வழியிலேயே செம்மரக் கடத்தல் கும்பல்களும் மரம் வெட்ட ஆள் பிடிச்சாங்க. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. ஜவ்வாது மலை கிராமங்களைச் சேர்ந்தவங்களும் அதுல இருந்தாங்க. அந்தச் சம்பவம் பத்தின வழக்கும் வாதங்களும் தனி விஷயம். தொழில் ஏற்பாடா மட்டும் பாத்தாலே நெஞ்சு பதறும். முதல் போட்டவன் எங்கயோ பத்திரமா இருக்கான். கோடாலி பிடிச்சவன் தலையில முழு ரிஸ்க்கும். கிடைக்கிறது நாள் கூலி.

இதை ஆபீஸ் வேலையோட ஒப்பிடக் கூடாது, நான் ஒப்பிடவும் இல்ல. ஆனா அந்த ஒரு கேள்வியை எந்த வேலைக்கும் கேக்கலாம்: இந்த ஏற்பாட்டுல லாபம் வந்தா யாருக்கு, நஷ்டம் வந்தா யாருக்கு?

ஸ்டார்ட்அப்ல சம்பளத்தைக் குறைச்சு இ.எஸ்.ஓ.பி. தர்றாங்கன்னா, நீங்களும் ரிஸ்க் எடுக்கிற ஆளா மாறுறீங்க. தப்பில்ல. ஆனா அந்தப் பங்கை எப்போ, எப்படி விக்க முடியும், பாதியில விலகினா என்ன ஆகும், பங்கை வாங்கும்போதே அதோட மதிப்புக்குச் சம்பள வருமானமா வரி கட்ட வேண்டி வருமான்னு கேட்டுக்கோங்க. விக்க முடியாத பங்குக்கு வரி மட்டும் ரொக்கமா கட்டுற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

"திறமை இருந்தா எங்க இருந்தாலும் ஜெயிக்கலாமே?"

இது நியாயமான எதிர்வாதம். அமெரிக்காவுல 1978-லிருந்து 2013 வரைக்குமான சம்பளத் தரவுகளை வெச்சு நடந்த ஒரு பெரிய ஆய்வு, அங்க கூடின சம்பள ஏற்றத்தாழ்வுல மூணுல ரெண்டு பங்கு நிறுவனங்களுக்கு இடையிலான வித்தியாசத்தால வந்ததுன்னு சொல்லுது. மூணுல ஒரு பங்குதான் ஒரே நிறுவனத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு இடையிலான வித்தியாசம். அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுது. அதிகம் சம்பாதிக்கக் கூடியவங்க அதிகம் கொடுக்கிற நிறுவனங்கள்ல போய்ச் சேர்றது கூடிட்டே வந்திருக்கு.

ஆக, திறமை முக்கியம்தான். ஆனா திறமையோட முதல் பயன், நல்ல நிறுவனத்துக்குள்ள நுழையுறதுக்கான டிக்கெட். தப்பான இடத்துல உக்காந்துட்டு இன்னும் ரெண்டு சர்டிஃபிகேட் சேர்க்கிறது, மெஷின் இல்லாத ஊர்ல உரல்ல இன்னும் வேகமா குத்துற மாதிரி.

சரி, என்ன பாக்கணும்?

ஃபண்ட் ஃபேக்ட்ஷீட் பாக்குற நேரத்துல பாதி போதும். எல்லாமே வெளிப்படையா கிடைக்கிற தகவல்தான்.

1. கம்பெனி பங்குச்சந்தைல பட்டியலிடப்பட்டதா? அப்போ இயக்குநர் அறிக்கையோட இணைப்புகளைப் பாருங்க. ஊழியர்களைச் சம்பள வரிசைல நிக்க வெச்சா நடுவுல நிக்கிறவரோட சம்பளம் அந்த வருஷம் எத்தனை சதவீதம் ஏறுச்சு, ஒவ்வொரு இயக்குநரும் அதைப் போல எத்தனை மடங்கு வாங்குறாருன்னு சட்டப்படி சொல்லியே ஆகணும். எச்.ஆர். சொல்ற "சராசரி உயர்வு"ங்கறதை விட இது நம்பகமானது.

2. சந்தை மதிப்புல முதல் 1,000 இடத்துல இருக்கிற கம்பெனிகள் 2022-23-லிருந்து செபியோட பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையைக் கட்டாயமா தரணும். அதுல வருஷத்துக்கு எத்தனை சதவீதம் பேர் வேலையை விட்டுப் போறாங்கன்னு இருக்கும். மூணு வருஷத்தை ஒப்பிடுங்க.

3. மொத்த வருமானத்தை ஊழியர் எண்ணிக்கையால வகுங்க. ஊழியர் செலவையும் அதே மாதிரி வகுங்க. தலைக்கு வருமானம் ஏறிட்டே போகுது, தலைக்குச் செலவு அப்படியே நிக்குதுன்னா அது பெங்களூரு கதை. ஆனா ஒரே துறைக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க. ஐ.டி. சேவைல வருமானத்துல பாதிக்கு மேல ஊழியர் செலவு, மத்த துறைகள்ல அப்படி இருக்காது.

4. பிரைவேட் லிமிடெட்டா? கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தோட தளத்துல ₹100 கட்டினா அவங்க தாக்கல் பண்ண கணக்குகளைப் பாக்கலாம். ஆடிட்டர் அறிக்கைல பி.எஃப்., டி.டி.எஸ். பாக்கி பத்தி ஏதாவது இருக்கான்னு தேடுங்க. உங்க பணத்தையே நேரத்துக்குக் கட்டாதவங்க, உங்க இன்க்ரிமென்ட்டைப் பத்தி யோசிக்க மாட்டாங்க.

5. இன்டர்வியூ கடைசில "ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேப்பாங்க இல்லையா, அப்போ கேளுங்க: இந்த டீம்ல இருந்து கடந்த ரெண்டு வருஷத்துல எத்தனை பேர் மேல போயிருக்காங்க? வேலையில ஒரு தப்பு நடந்தா அதை எங்க பதிவு பண்றீங்க, யார் பாக்குறாங்க? துணி ஆலைல இருந்த அதே கேள்விதான். பதில் தெளிவா வந்தா நல்ல அறிகுறி.

இதெல்லாம் பாத்துட்டு நாளைக்கே ராஜினாமா பண்ணுங்கன்னு சொல்லல. 6 மாசச் செலவுக்கு அவசர நிதி இல்லாம யாரும் அவசரப்பட வேண்டாம். வீட்டுக் கடன், வயசான அப்பா அம்மா, சொந்த ஊர் பக்கத்துலயே இருக்கணும்ங்கற ஆசை, இதெல்லாமும் கணக்குல சேரும். தெரிஞ்சே குறைஞ்ச சம்பளத்துல இருக்கிறது உங்க முடிவு. தெரியாம இருக்கிறதுதான் நஷ்டம்.

அப்ரைசல்ல எதிர்பார்த்தது வரலேன்னா, "நான் இன்னும் உழைச்சிருக்கணுமோ"ன்னு உங்களையே குறை சொல்லிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க கம்பெனியோட ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்க. முதல் மூணு கணக்கையும் போட்டுப் பாத்துட்டு, கம்பெனி பேர் இல்லாம, துறையை மட்டும் சொல்லி கமென்ட்ல எழுதுங்க. பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோல ஸ்கிரீன்ல வெச்சே காட்டுறேன்.